உதடு மரத்திருந்த நேரம்

உதடு போய்விட்டது. இருந்த இடத்தில் தடிப்பாக ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் அது தன்னுடையதுதான் என்று அவிநாசியப்பனால் நம்ப முடியவில்லை. ஊசி போட்ட கொஞ்ச நேரத்திலேயே மேலுதடு, அதற்கு மேல் மீசை, மூக்கின் ஒரு ஓரம் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டன. மேல்வரிசையில் புதுப் பல் உட்கார்ந்தாயிற்று. பஞ்சைக் கடித்தபடி சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறான். “அப்படியே கடிச்சுக்குங்கண்ணா. பசை இறுகணும். நான் சொல்ற வரைக்கும் வாயைத் தொறக்கவே கூடாது” என்று சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே டாக்டர் ஹேமப்ரியா அடுத்த அறைக்குப் போய்விட்டார். வாயைத் திறக்கக் கூடாதாம். கோபியிலிருந்து ஈரோட்டுக்கும் ஈரோட்டிலிருந்து கோபிக்கும் வாயைத் திறந்தே பிழைப்பு நடத்துகிற ஒரு பஸ் கண்டக்டரிடம் சொல்கிற பேச்சா இது. சரி, கடிப்போம். தலைக்கு மேலே வட்ட விளக்கு, அதை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம், அணைக்கவில்லை, கண்ணை மூடினாலும் சிவப்பாகத் தெரிகிறது. கோபி, கவுந்தப்பாடி, சித்தோடு, வீரப்பன்சத்திரம், ஈரோடு. மனசுக்குள் ஸ்டாப்பிங் ஓடுகிறது, இறங்க ஆளில்லை, ஏற ஆளில்லை, வண்டி மட்டும் ஓடுகிறது. சட்டைப் பையில் கிடக்கிற விசில் நெஞ்செலும்பில் அழுத்துகிறது. காலையில் சட்டையை எடுத்துக் கொடுக்கும்போதே சம்பூரணம் பையைத் தடவிப் பார்த்துவிட்டாள். “ஏனுங்க, பல்லுக் கட்டப் போறப்பக் கூட இந்தக் கெரகம் கூடவே வரோணுமா? இதனால கெட்டது பத்தாதா?” கட்டிய பெண்டாட்டிக்கே பதில் சொல்லாமல் இருக்க இந்த ரெண்டு மாசத்தில் நன்றாகப் பழகிவிட்டான். பல்லில்லாத வாயைத் திறக்கக் கூச்சம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கூச்சம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் பல் முறுக்குக் கடிக்கவும் இல்லை, போட்டோவுக்குச் சிரிக்கவும் இல்லை. தெய்வசிகாமணி அண்ணனை மறுபடி ஸ்டியரிங் முன்னால் உட்கார வைக்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பல். அது நடக்காவிட்டால் ஊரிலிருக்கிற பல்லையெல்லாம் கொண்டுவந்து கட்டினாலும் அவன் வாய் பொக்கை வாய்தான்.

செல்லாண்டி பஸ் என்றால் அந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரியும், பச்சையும் மஞ்சளுமாக. அதில் சிகாமணி அண்ணன் டிரைவர், அவிநாசி கண்டக்டர். கல்யாணமான புதிதில் ஏறியவன், தலையில் பாதி நரைத்த பிறகும் இறங்கவில்லை. முன்னால் அவர், பின்னால் இவன், நடுவில் ஊர் உலகம் மொத்தமும் நெருக்கிக்கொண்டு நிற்கும். முகம் பார்த்துப் பேச வழியில்லை, எல்லாம் விசில்தான். ஒரு விசில் அடித்தால் நில், ரெண்டு அடித்தால் போ. அவ்வளவுதான் பாஷை. ஆனால் அந்த ரெண்டை அடிக்கிற தினுசிலேயே, ‘மூட்டை ஏத்தியாச்சு போலாம்’ என்பதும், ‘கிழவி படியிலேயே நிக்குது மெதுவாப் போங்க’ என்பதும் அண்ணனுக்குப் புரிந்துவிடும். விசிலை அவன் வாயிலிருந்து எடுக்கவே மாட்டான், அதுதான் வினை. ஒரு கையில் டிக்கெட் கட்டு, ஒரு கையில் கம்பி, தோளில் பை, விசிலை எங்கே வைப்பது, முன்பல்லில்தான். கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டே சில்லறை கொடுப்பான், கடித்துக்கொண்டே சண்டை போடுவான், டீக்கடையில் டம்ளர் வாய்க்கு வந்த பிறகுதான் விசில் வாயில் இருப்பதே ஞாபகம் வரும். “அத எடுடா வாயிலிருந்து. கைக்கொழந்தைக்கு நிப்பிள் வெச்ச மாதிரி எந்நேரமும்” என்று அண்ணன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இவன் விசிலைக் கடித்தபடியே தலையாட்டுவான். அப்புறம் அந்த ஆடி மாசம், கவுந்தப்பாடி தாண்டி வாய்க்கால் பாலம். கரை மேலிருந்து ஒரு அம்மா புல்லுக்கட்டோடு மொபெட்டைச் சடாரென்று ரோட்டில் ஏற்றினாள். அண்ணன் மிதித்தார். மிதிக்காவிட்டால் அந்த அம்மா இன்றைக்கு இல்லை. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன்பாட்டுக்குப் போய்விட்டாள், புல்லுக்கட்டு மட்டும் ஆடிக்கொண்டே போனதைப் பார்த்ததாகப் பின்னால் ஒருத்தர் சொன்னார். அவிநாசி அதைப் பார்க்கவில்லை. சீட்டுக் கம்பி முகத்துக்கு நேராக வந்தது, விசில் வாயில் இருந்தது. வலிகூட உடனே வரவில்லை. எஃகு விசில் பல்லை உள்ளேயிருந்து நெம்பிய சத்தம்தான் முதலில் வந்தது, மண்டைக்குள், அவனுக்கு மட்டும் கேட்கிற சத்தம். இப்போது நினைத்தாலும் காதோரம் கூசுகிறது. கடி, கடி, பஞ்சைக் கடி. இது எஃகு இல்லை, பஞ்சு.

அதோடு முடிந்திருந்தால் கதையே இல்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு அண்ணன் பின்னால் வந்தார். அந்த முகத்தை அவிநாசி அதற்கு முன்னால் பார்த்ததில்லை, முதுகைத்தானே இத்தனை வருஷமாகப் பார்த்தது. ரத்தம் சட்டையில் கொட்டுகிறது, ஆளாளுக்குத் துண்டு நீட்டுகிறார்கள், அண்ணன் மட்டும் குனிந்து, சீட்டுக்கடியில் தவழ்ந்து, ஜனங்களின் காலையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கிப் பல்லைத் தேடினார். ஒன்று உடைந்து தூளாகிவிட்டது. ஒன்று முழுசாக வேரோடு கிடைத்தது. அதில் மண்ணும் ரத்தமும் ஒட்டியிருந்தன. அதை அப்படியே கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கட்டை விரலால் தேய்த்து, மறுபடி தேய்த்து, துளி அழுக்கில்லாமல் வெள்ளை வெளேரென்று கழுவி, துவைத்த துண்டின் முனையில் முடிந்து, ஆஸ்பத்திரி வரைக்கும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டே வந்தார். அங்கே இருந்த டாக்டர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். “அடடா, தேச்சுக் கழுவிட்டீங்களா? வேரைத் தொடாமப் பால்ல போட்டுக் கொண்டாந்திருந்தா அந்த எடத்துலயே திரும்பி வெச்சுப் பாத்திருக்கலாமே.” டாக்டர் திட்டவில்லை, தெரிந்ததைச் சொன்னார். ஆனால் அண்ணன் துண்டின் முனையையே பார்த்துக்கொண்டு நின்றார். தேய்த்துக் கழுவினால் கெட்டுப்போகிற பொருளும் உலகத்தில் உண்டு என்று யாருக்குத் தெரியும். சம்பூரணத்துக்குத் தெரியுமா, அவிநாசிக்குத் தெரியுமா, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரில் ஒருவருக்காவது தெரியுமா. “பல்ல ஒடச்சதும் நானு, கெடச்ச பல்லக் கெடுத்ததும் நானு” என்று சொல்லிவிட்டு அண்ணன் வண்டிச் சாவியை முதலாளி வீட்டில் கொடுத்தார். அப்புறம் பஸ் பக்கம் வரவில்லை. மிதிக்கிற காலை நம்ப முடியவில்லையாம். கவுந்தப்பாடி தாண்டி அக்கட்டத் தன் காட்டில் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு கிடக்கிறார்.

எச்சில் ஊறுகிறது. விழுங்கலாமா கூடாதா, டாக்டர் அதைச் சொல்லவில்லையே. விழுங்கினான். ஏதோ மருந்துக் கசப்பு. புதுப் பல் ஆடியதா? இல்லை, நாக்குதான் ஆடியது. நாக்குக்குப் பொறுமை கிடையாது, ரெண்டு மாசமாக அந்த ஓட்டையில் போய் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, இப்போது கதவைச் சாத்தியதும் முட்டிப் பார்க்கிறது. அந்த ஓட்டையோடு அண்ணன் வீட்டுக்கு எத்தனை நடை நடந்திருப்பான். ‘உங்க மேல தப்பு ஒண்ணுமில்லைங்கண்ணா’ என்று சொல்லத்தான் போவான். சொல்ல வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டுமே. திறந்ததும் அண்ணனின் கண் நேராக அந்த ஓட்டைக்குப் போகும், போன வேகத்தில் தரைக்கு வரும். வார்த்தையும் ஒழுங்காக வராது, தப்பு என்பதில் பாதி காற்றாகப் போய்விடும். மன்னிக்கப் போன வாயே குற்றம் சாட்டினால் மனுஷன் என்ன செய்வான். அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்து பார்த்தான். ரெண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து கோழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுவும் மோசமாக இருந்தது. பஸ்ஸில் புதுசாக ஒரு டிரைவர், முதலாளி ஒரு பஸ்ஸரும் மாட்டிவிட்டார், பொத்தானை அமுக்கினால் கொர்ரென்று ஒரு சத்தம். ஒரு கொர்ர் நில், ரெண்டு கொர்ர் போ. கிழவி படியில் நிற்பதை அதில் எப்படிச் சொல்வது.

முதலில் கழற்றி மாட்டுகிற பல் செட் ஒன்றைக் கட்டியது அவசரத்தில்தான். கோபியில் ஒருத்தரிடம் போய், ரோஸ் நிறத் தகட்டில் ரெண்டு பல் வைத்து மேலண்ணத்தில் ஒட்டுகிற மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டான். கண்ணாடியில் பார்த்தால் மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தது. அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குப் போனான். வாசலில் நிலக்கடலை காயப் போட்டிருந்தது, அண்ணன் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து சொத்தைக் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார். “பாருங்கண்ணா, எல்லாம் பழையபடி ஆயிருச்சு, விசில் கூட வருது பாருங்க” என்று எடுத்து வைத்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து ஒரு ஊது. விசிலும் வந்தது, செட்டும் வந்தது. ரெண்டும் சேர்ந்து பறந்து போய்க் கடலையில் விழுந்தன. கொண்டைச் சேவல் ஒன்று ஓடி வந்து பல்லைக் கொத்திப் பார்த்தது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஐயோ, சிரிக்கக் கூடாது, பசை காயவில்லை, உதடு இல்லாமல் சிரித்தால் எந்தப் பக்கம் போகுமோ. அன்றைக்கும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனும் சிரிப்பார் என்று நிமிர்ந்து பார்த்தான். அண்ணன் சேவலை விரட்டவில்லை. கடலைக்கு நடுவே கிடந்த அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒரு டிரைவர் அழுது அவிநாசி பார்த்ததில்லை. கடலையில் கைவிட்டுப் பல்லை எடுத்தான், ஊதினான், பையில் போட்டுக்கொண்டான், போயிட்டு வாரனுங்க என்றுகூடச் சொல்லவில்லை. அன்றைக்குப் பஸ் ஏறியபோதுதான் முடிவு செய்தான், அசையாத பல் வேண்டும்.

அசையாத பல்லுக்கு ரெண்டு வழி என்று இந்த ஹேமப்ரியா டாக்டர்தான் ஒரு பிளாஸ்டிக் தாடையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். ஒன்று, எலும்பில் ஸ்க்ரூ முடுக்கி அதன் மேல் பல் வைப்பது. நல்ல வேலைதான், ஆனால் அடிபட்ட எலும்பு ஆற வேண்டும், அவனுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, அதை முதலில் அடக்க வேண்டும், மாசக்கணக்கில் ஆகும். இன்னொன்று பிரிட்ஜ். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு பல், இந்தப் பக்கம் ஒரு பல், ரெண்டையும் ராவிச் சின்னதாக்கி, அதன் மேல் நாலு பல்லும் சேர்ந்தாற்போல் தொப்பி போட்டு ஒட்டிவிடுவது. “அப்ப நல்லா இருக்கற ரெண்டு பல்லையும் ராவோணுங்களா?” “ஆமாங்கண்ணா. அதுதான் இதுல இருக்கற சங்கடம். யோசிச்சுச் சொல்லுங்க.” ஒரு தப்பும் செய்யாத பல் ரெண்டு. விழுந்த பல்லுக்கு அழுததைவிட அந்த ரெண்டுக்குத்தான் அவன் அன்று ராத்திரி அதிகம் வருத்தப்பட்டான், நாக்கால் தடவித் தடவி. அக்கம்பக்கத்தில் இருந்த பாவத்துக்குத் தேய வேண்டுமா? அப்புறம் தோன்றியது, அண்ணன் காத்திருக்க மாட்டார். மாசக்கணக்கில் விட்டால் அந்த மனுஷன் காட்டோடு காடாகப் போய்விடுவார், வலது கால் பிரேக்கையே மறந்துவிடும். ராவுங்க என்றான். நிறம் பார்க்கிற அன்றைக்குத்தான் கூத்து. பல் பல்லாகக் கோத்த ஒரு பட்டையை வாயருகே பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள், சுண்ணாம்பு வெள்ளையில் தொடங்கிப் பழுப்பு வரைக்கும். சம்பூரணம் முதல் பல்லைத் தொட்டாள். “இது வையுங்க டாக்டரு, நல்லா வெள்ளையா, பளிச்சுன்னு.” அவன் கடைசிப் பக்கம் கையைக் கொண்டு போனான். “இது வையுங்க. ஓரத்துல டீக்கறை மாதிரிக் கொஞ்சம் பழுப்பு போட முடியுமுங்களா?” டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “கறை போக்கத்தான் எல்லாரும் வருவாங்கண்ணா. கறை போட்டுக் கேட்டது நீங்கதான்.” அண்ணன் பார்க்கும்போது எது புதுசு எது பழசு என்று தெரியக் கூடாது. வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால் அது ஓட்டையைவிட மோசம், தினம் தினம் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும்.

“போதுங்கண்ணா, தொறங்க.” பஞ்சு வெளியே போனது. ஓரத்தில் வழிந்த பசையைக் கொக்கியால் சுரண்டினார், கண்ணாடியைக் கொடுத்தார். அவிநாசி உடனே பார்க்கவில்லை. பார்த்தான். உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வேறு யாரோ மாதிரி இருந்தது, ஆனால் உள்ளே பல், அவனுடைய பல், டீ குடித்துக் குடித்துப் பழுத்த அதே பல். எங்கே இடைவெளி இருந்தது என்று அவனே தேட வேண்டியிருந்தது. “ஏதாவது பேசுங்க, காத்து லீக் ஆகுதான்னு பாக்கலாம்.” என்ன பேசுவது? வாய் அதுவாகவே ஆரம்பித்தது. “கவுந்தப்பாடி, சித்தோடு, வீரப்பன்சத்திரம், ஈரோடு, எறங்கறவங்க எல்லாம் முன்னால வாங்க, படியில நிக்காதீங்க, உள்ள வாங்க.” கொழகொழத்தாலும் வார்த்தை வார்த்தையாக நின்றது. டாக்டர் சிரித்துவிட்டார், வாசல் திரைக்கு அந்தப் பக்கம் காத்திருந்த சம்பூரணம் சிரிப்பதும் கேட்டது. அந்தச் சந்தோஷத்தில் பையில் கைவிட்டு விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினான். புஸ்ஸென்றது. இன்னும் அழுத்தி ஊதினான். காற்று எந்தப் பக்கம் போகிறதென்றே தெரியவில்லை, எச்சில் மட்டும் மோவாயில் வழிந்தது. “ஐயோ அண்ணா, பல்லுல கடிக்காதீங்க!” டாக்டர் விசிலைப் பிடுங்கிக்கொண்டார். “இனிமே இதைப் பல்லுல கடிக்கவே கூடாது, என்னிக்குமே. கடிச்சா பிரிட்ஜ் போயிரும். உதட்டுல மட்டும்தான் வெச்சு ஊதணும். அதுவும் இப்ப உதடு மரத்திருக்கு, வராது. மரப்பு எறங்கட்டும்.” “எறங்கின பொறவு வருமுங்களா?” “வரணும்” என்றார் டாக்டர். வரும் என்று சொல்லவில்லை, வரணும் என்றார். அந்த ஓரெழுத்து ஈரெழுத்து வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டே அவிநாசி வெளியே வந்தான்.

சம்பூரணத்தை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஈரோட்டில் அவன் ஏறியதும் செல்லாண்டிதான். தான் வேலை செய்கிற வண்டியில் பயணியாக ஜன்னலோரம் உட்கார்வது ஒரு மாதிரி இருந்தது, மாற்றுக்கு வந்திருந்த கண்டக்டர் டிக்கெட் வேண்டாங்கண்ணா என்று கும்பிட்டான். வீரப்பன்சத்திரம். கொர்ர். உதட்டைத் தொட்டான், ரப்பர். உதட்டில் மட்டும் வைத்து ஊத வேண்டுமாம், இத்தனை வருஷத்தில் அவன் உதட்டால் ஊதியிருக்கிறானா, பல்தானே பிடித்துக்கொண்டது, உதட்டுக்கு வேலையே கொடுத்ததில்லை. புதுசாகப் பழக முடியுமா இந்த வயசில். முடியாவிட்டால் அண்ணன் முன்னால் போய் இன்னொரு புஸ். அதைவிடப் போகாமல் இருப்பது நல்லது, வீட்டில் ராத்திரி பழகிவிட்டு நாளைக்குப் போகலாம், நாளைக்கு என்றால் அப்புறம் நாளன்னைக்கு, அப்புறம் வாரம். சித்தோடு. கொர்ர் கொர்ர். டிரைவர் நல்ல பையன்தான், ஆனால் மேடு வந்தால் முன்னாலேயே கியரை மாற்றத் தெரியவில்லை, வண்டி முனகுகிறது, அந்த முனகல் அவிநாசியின் முதுகில் ஏறுகிறது. அண்ணன் என்றால் வண்டி முனகாது. மீசையில் ஏதோ ஊர்கிறது. எறும்பா? கையை வைத்துப் பார்த்தான், எறும்பில்லை. மீசைதான். மீசை வந்துவிட்டது! மூக்கோரம் குறுகுறுத்தது, அப்புறம் உதட்டின் வலது முனையில் ஊசி ஊசியாகக் குத்தியது. வலிக்க ஆரம்பித்தது. உடம்பில் ஒரு இடம் வலிக்கத் தொடங்கியதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவன் அந்தப் பஸ்ஸில் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான். நாக்கு நுனியால் புதுப் பல்லின் பின்பக்கத்தைத் தடவினான், வழவழவென்று இருந்தது. பாலத்தைத் தாண்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றும் நடக்கவில்லை, வாய்க்கால் தண்ணீர் வாசம் மட்டும் வந்தது.

கவுந்தப்பாடி தாண்டி இறங்கிக் காட்டுவழியில் நடந்தான். மஞ்சள் இடுப்புயரம் நின்றது. அண்ணன் முதுகு தெரிந்தது. அந்த முதுகை எந்தக் கூட்டத்திலும் அவனுக்குத் தெரியும், இடது தோள் கொஞ்சம் இறங்கி. மண்வெட்டியால் மடையை வெட்டித் தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் திரும்புவார், திரும்பினால் வாயைப் பார்ப்பார், பார்க்க வேண்டாம் என்று தலையைக் குனிவார். கூப்பிடக் கூடாது. வரப்பில் நின்று விசிலை எடுத்தான். பல்லில் போய் முட்டியது, பழக்க தோஷம், வெளியே இழுத்தான். உதட்டை மட்டும் குவித்து வைத்தான். இடது ஓரத்தில் இன்னும் ஒரு துண்டு மரத்துக் கிடந்தது. ஊதினான். புஸ். நல்லவேளை, வாய்க்கால் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மரத்த ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, செல்லாண்டியம்மா, ஒரே ஒரு தடவை என்று வேண்டிக்கொண்டு, ஊதினான். வந்தது. கீறல் விழுந்து, நடுங்கி, பாதியில் நிமிர்ந்து நின்றது. ஒரு விசில்.

அண்ணனின் வலது கால் சேற்றில் அழுந்தியது. அவர் அழுத்தவில்லை, காலே அழுத்தியது. கணுக்கால் வரைக்கும் இறங்கிவிட்டது, மண்வெட்டி ஓங்கியபடி நின்றது, தண்ணீர் மட்டும் நிற்காமல் அந்தக் காலைச் சுற்றி ஓடியது. நம்ப முடியாத காலாம். அவிநாசிக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் மெதுவாகத் திரும்பினார். இவன் வாயை மூடிக்கொள்ளவில்லை, நன்றாகத் திறந்து, இழுத்துக்கொண்டிருந்த உதட்டோடு கோணலாகச் சிரித்தான். அண்ணன் பாத்தியைத் தாண்டி வந்தார், கிட்ட வந்தார், முகத்தை முகத்துக்கு நேராக வைத்து வாய்க்குள் பார்த்தார். “இதுல எதுரா கட்டுனது?” “நீங்களே சொல்லுங்கண்ணா.” பார்த்தார். விரலைக்கூடக் கொண்டு வந்தார், பிறகு சேற்றுக் கை என்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “தெரியலயேடா” என்றார். “அதுல கறை கூட இருக்குதே.” “கேட்டு வாங்கினனுங்க.” அண்ணன் அவன் கையிலிருந்த விசிலைப் பார்த்தார். “மறுபடியும் கடிச்சுத் தொங்கப் போட்டுட்டுத் திரிவயா?” “மாட்டனுங்கண்ணா. கயிறு கட்டிக் கழுத்துல போட்டுக்கறேன். உதட்டுல மட்டும்தான் ஊதோணுமாமா. இனி நீங்க முன்னால இருந்தாத்தான் பழகும். அந்தப் பஸ்ஸருக்கு முன்னால எனக்கு ஊத வரலைங்க.” சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திருக்கப் பயந்து, விரலால் உதட்டோரத்தைப் பிடித்துக்கொண்டு ரெண்டு விசில் அடித்தான். மெதுவாக, கிழவி படியில் நிற்கிற மாதிரியான ரெண்டு.

அண்ணன் மண்வெட்டியை வரப்பில் சாய்த்தார். வாய்க்காலில் போய் உட்கார்ந்து வலது காலை முதலில் நீட்டி, கட்டை விரலால் சேற்றைத் தேய்த்தார், மறுபடி தேய்த்தார், நகக்கண்ணில் இருந்த மண் போகிற வரைக்கும். அந்தக் கட்டை விரலைப் பார்த்ததும் அவிநாசியின் வாயிலிருந்து அது வந்துவிட்டது, தடுப்பதற்குள் வந்துவிட்டது. “நல்லாத் தேச்சுக் கழுவுங்கண்ணா. காலுக்கு ஒண்ணும் ஆகாது, பால்ல எல்லாம் போட வேண்டியதில்லை.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அண்ணன் கை நின்றது. குனிந்த தலை நிமிரவில்லை. தோள் குலுங்கியது, கடலைக்குப் பக்கத்தில் குலுங்கியதே, அதே மாதிரி. கெடுத்துவிட்டாயே பாவி என்று அவிநாசி தன்னையே திட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தான். அண்ணன் நிமிர்ந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு தாங்காமல் வாய்க்காலில் கையை ஓங்கி அடித்தார், தண்ணீர் அவன் மேலெல்லாம் தெறித்தது. மேலுதட்டில் விழுந்த துளிகள் சில்லென்று இருந்தன, இடது ஓரம் வரைக்கும்.